நாலு கிளிப் டப்பா

கொடுங்ணா, அந்த பாட்டில இப்பிடிக் கொடுங்க. நீங்க திருகற வேகத்தப் பாத்தா பஸ்ஸு காந்திபுரம் போய்ச் சேந்தப்பறம்தான் தண்ணி குடிப்பீங்களாட்டம் இருக்குது. எனக்கு வலது கையில கட்டு இருந்தா என்னங்க? பாட்டில முழங்கால் நடுவுல வெச்சு, இடது கையில ஒரே திருகு. இதா! குடிங்க, குடிங்க. தேங்ஸெல்லாம் எதுக்குங்ணா. எனக்கு இது பழக்கம். ஆராச்சும் எதையாச்சும் தொறக்க முடியாம, பிரிக்க முடியாம, முடிச்ச அவுக்க முடியாமத் தடுமாறிட்டு இருந்தாங்கன்னா என்ற கை சும்மா இருக்காதுங்க. நான் சொல்றதுக்கு முன்னாடியே அது பாட்டுக்குப் போயிரும்.

தொழிலும் அப்பிடித்தான். புளியம்பட்டியில சந்தைக்குப் போற ரோட்டுல பூபதி மொபைல்ஸ்னு ஒரு போர்டு பாத்திருப்பீங்க. நான்தான் பூபதி. போனுக்குள்ள ஒரு ஸ்க்ரூ இருக்குதுங்க, கடுகுல பாதிதான் இருக்கும். அத இடுக்கியில எடுத்து எடத்துல வெக்கற வரைக்கும் நான் தும்மக்கூட மாட்டேன். அப்பேர்ப்பட்ட கை இது. இந்தக் கைக்காரனோட புள்ளைக்கு விரல்ல பலமில்லைன்னு ஸ்கூல்ல சொல்லிப்போட்டாங்கன்னா எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? வாத்தியார் புள்ள மக்குங்கற கதைதான்.

இவதானுங்க அந்தப் புள்ள. ஜன்னலோரம். வர்ணிகா. அங்கிளுக்கு வணக்கம் சொல்லு அம்மிணி. சொல்ல மாட்டா. வேத்தாளுகளக் கண்டா வாயே தொறக்காது. யூகேஜி முடியப் போகுது, வாற ஜூன்ல ஒண்ணாவது. மடியில வெச்சிருக்கறது அவிச்ச கடலக்காயிங்க. அவளேதான் உரிக்கறா. ஒரு காயிக்கு எவ்வளவு நேரம் பாருங்க! கொடு சாமி, அப்பா உரிச்சுத் தர்றேன். வேண்டாமா? சரி. வேண்டாம்னா போச்சாது.

இந்தக் கட்டுக்குக் கதை என்னன்னு கேட்டீங்கல்ல, சொல்றேன். எல்லாம் ஒரு டப்பாவுல ஆரம்பிச்சதுங்க.

என்ற ஊட்டுக்காரி கோகிலாவுக்குக் கோயமுத்தூர்ல ஒரு லேப்புல வேலை. ரத்தம் எடுக்கறது, டெஸ்ட் பண்றது. காலைல ஏழு மணி பஸ்ஸுக்குப் போனா பொழுது எறங்கித்தான் வருவா. அதனால சமையலு, புள்ள, கடை மூணும் என்ற பொறுப்பு. கடை ஊட்டு முன்னாடியேதான. பெருமைக்குச் சொல்லலீங்க, அஞ்சு வயசு வரைக்கும் இந்தப் புள்ள கையில ஒரு பருக்கை ஒட்டுனதில்ல. நான்தான் ஊட்டி உடுவேன். இடது பக்கத் தோள்ல போன இடுக்கிக் கஸ்டமருகிட்டப் பேசிக்கிட்டே வலது கையில உருண்டை உருட்டி வாயில வெச்சிருவேன். பட்டன் நான், ஷூ நான், ஜடை நான். எம்பட ஜடையப் பாத்துட்டு பக்கத்து ஊட்டுப் பொம்பளைக அவங்க புள்ளைகளயும் கூட்டிட்டு வருவாங்க.

எல்கேஜி வரைக்கும் அரை நாள் ஸ்கூலு. மத்தியானச் சோறு ஊட்டுல, எங்கையில. யூகேஜியில பாதி வருசத்துக்கு மேல முழு நாளாக்கிப் போட்டாங்க. அதுக்குன்னு ஒரு டப்பா வாங்குனனுங்க. என்ன டப்பாங்கறீங்க! நாலு பக்கமும் கிளிப்பு. ரசத்த ஊத்திக் கவுத்து வெச்சாலும் ஒரு சொட்டுக் கசியாது. நானே கவுத்துப் பாத்திருக்கறேன். காலைல அரிசிம்பருப்பு சாதம் பண்ணி, நெய் உட்டு, நாலு கிளிப்பையும் டப் டப்புன்னு போட்டு அனுப்பி உட்டேன்.

சாயந்திரம் டப்பா அப்பிடியே திரும்பி வருதுங்க.

சரி, அரிசிம்பருப்பு புடிக்கலையாட்ட இருக்குதுன்னு மக்கா நாள் எலுமிச்சஞ்சாதம். அதுவும் அப்பிடியே. பணியாரம். அப்பிடியே. சந்தகை புழிஞ்சு, தேங்காய்ப்பாலும் சக்கரையும் போட்டு... ஏனுங்ணா, சந்தகை புழியறது லேசுப்பட்ட வேலைங்களா? தோள்பட்டை கழண்டு போகும். அதுவும் அப்பிடியே வந்துச்சு. ஏன் அம்மிணி திங்கலைன்னு கேட்டா, பசிக்கலைம்பா. ஊட்டுக்கு வந்ததும் நான் அதையே ஊட்டி உட்டா ஒண்ணு விடாம முழுங்குவா. எனக்கு ஒண்ணும் புரியல. பக்கத்துல உக்கார்ற புள்ளைக நூடுல்ஸ் கொண்டாந்து காட்டிக் கெடுக்குதுகன்னு முடிவு பண்ணி, சண்டை போடறதுக்கே ஸ்கூலுக்குப் போயிட்டேன்.

தேன்மொழி மிஸ்னு ஒருத்தங்க. சின்ன வயசுதான், பொறுமையான பொண்ணு. நான் கத்தறதையெல்லாம் கேட்டுட்டு, "சார், சாப்பாடு பிடிக்காம இல்ல. வர்ணிகாவால அந்த டப்பாவைத் தொறக்க முடியல"ன்னாங்க.

மடியில டப்பாவ வெச்சுக்கிட்டு, மணியடிக்கற வரைக்கும் அப்பிடியே உக்காந்திருக்குமாம். ஆயாம்மா தொறக்கறேன்னு வந்தாக் கொடுக்காதாம். இறுக்கிக் கட்டிப் புடிச்சுக்குமாம். ஏண்டா கண்ணுன்னு மிஸ் கேட்டதுக்கு, "எங்கப்பா வந்து தொறந்து தருவாரு"ன்னு சொல்லுச்சாம். நான் இங்க கடையில ஆரு போனையோ தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன், அது அங்க எனக்காகப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்குது.

மிஸ்ஸு ஒண்ணும் குத்தமாச் சொல்லல. வேணும்னா சாதா டப்பாவாக் கொடுத்து உடுங்கன்னாங்க. டப்பாவ மாத்தறதா? அந்த டப்பாவையா? நான் ஒத்துக்கல. அப்பறம் சொன்னாங்க, "டப்பா மட்டுமில்ல சார். பென்சில் வழுக்குது, பட்டன் போட வரல, விரலுக்குப் பலம் பத்தல. ஒண்ணாவதுல ஆயாம்மா கிடையாது. அதுக்குள்ள பழகணும். சமையக்கட்டுல விளையாட விடுங்க. பட்டாணி உரிக்கட்டும், மாவு பிசையட்டும், பயறு பொறுக்கட்டும். சிந்தும், சிதறும், நேரமாகும். நீங்க கூட இருந்தாப் போதும்"னு.

கூட இருந்தாப் போதும்னாங்க. நான் அதுக்கு மேலயே பண்ணுனனுங்க.

மொத நாளு பயறு. கொள்ளு, தட்டப்பயறு, கொண்டக்கடலை மூணையும் ஒரு தட்டத்துல கலந்து வெச்சேன். தனித்தனியாப் பிரிக்கோணும். கடையிலிருந்து எம்பட நல்ல இடுக்கியவே எடுத்தாந்து கொடுத்தேன். இவ என்ன பண்றா? ஒரே ஒரு கொண்டக்கடலைய எடுத்து வெச்சுப் பாத்துக்கிட்டே இருக்கறா. "அப்பா, இதுக்கு மூக்கு இருக்குது"ங்கறா. அப்பறம் பெருசா ஒண்ணு எடுத்து, இது அப்பாக் கடலை. இன்னொண்ணு, இது அம்மாக் கடலை. குட்டியா ஒண்ணு, அது பாப்பாக் கடலை. குடும்பமே நடத்தறாளுங்க. இப்பிடிப் போனா எப்பிடி ஜூன் மாசத்துக்குள்ள பலம் வாறது? இப்பிடிக் கொடு, அப்பா எப்பிடிப் பண்றேன்னு பாருன்னு ஆரம்பிச்சேன். தட்டம் முழுக்க ஒத்தப் பயறு மாறாமப் பிரிச்சுட்டேன். நிமுந்து பாத்தா அவ செவுத்துல சாஞ்சு தூங்கிட்டா. பாவம், பயிற்சி பண்ணுன களைப்பு.

அடுத்தது சப்பாத்தி. மாவ உருட்டி, இழுத்து, காது வெச்சு, வாலு வெச்சு பூனை பண்ணுறா. பூனைய எந்தக் கல்லுலீங்க சுடறது? அத வாங்கி உருண்டையாக்கி வட்டமாத் தேச்சுக் கொடுத்தேன். தட்டாட்டம் வட்டம். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா. நல்லது சொன்னா ஆருக்குத்தான் புடிக்குதுங்க.

சின்ன வெங்காயம் உரிக்கறதுல நான் எங்கியோ போயிட்டனுங்க. தோலு உள்ள இருக்கற சதையில ஒட்டாம, ஒரே இழுப்புல வரும். மிஸ்ஸு போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தாங்க, புள்ள பண்ணுனத. நான் ஒரு கிண்ணம் நெறைய உரிச்ச வெங்காயத்த, வெளிச்சம் பாத்து, முத்தாட்டம் அடுக்கிப் போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்புல போட்டேன். மிஸ்ஸு என்ன போட்டாங்க தெரியுங்களா? "ரொம்ப அழகா இருக்கு சார். இந்த ஸ்டார் அப்பாவுக்கு"ன்னு போட்டாங்க. எல்லாப் புள்ளைகளோட அம்மாமாரும் கை தட்டற பொம்மையாப் போட்டாங்க. மக்கா நாள் ஸ்டாரு ஸ்டிக்கரு இவ பையிலயே வந்துருச்சு. கடைக் கண்ணாடியில ஒட்டி வெச்சிருக்கறனுங்க. கோகிலா அதப் பாத்துட்டு, "ஏனுங்க, உங்களையே யூகேஜியில சேத்தி உட்ரலாமா?"ங்கறா. அவளுக்கு எப்பவும் எகத்தாளம்.

நெசத்தச் சொன்னா எம்பட விரலு நெம்ப நல்லாவே தேறிருச்சு. இவளுதுதான் அப்பிடியே இருந்துச்சு. டப்பாவும் அப்பிடியே வந்துக்கிட்டு இருந்துச்சு. இவ இடுப்பு அரைஞாணு ரெண்டு சுத்து தளந்து போச்சுங்க. அதப் பாக்கப் பாக்க எனக்குப் பயம். பயத்துல இன்னும் வேகமாப் பயிற்சி கொடுத்தேன்.

அப்பத்தான் இந்தக் கை ஒடைஞ்சது. அன்னிக்கு எலுமிச்சம்பழம் புழியறது. இவ கீழ உக்காந்து பழத்த ரெண்டு கையிலயும் வெச்சு அமுக்கறா, சாறு முழங்கையில ஓடுது, கிண்ணத்துல ஒரு சொட்டு இல்ல. எனக்குப் பொறுக்குமா? கொடு கொடுன்னு அடுப்படியிலிருந்து பாஞ்சேன். பாய்க்கடியில ஒளிச்சு வெச்சிருந்திருக்கறா அந்தக் கொண்டக்கடலைக் குடும்பத்த. காலு அது மேலயே. அப்பாக் கடலைதான் என்னத் தள்ளி உட்டிருக்கோணும், பெருசு அதுதான. வலது மணிக்கட்டு முறிஞ்சு போச்சுங்க. முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு, பெருவிரலையும் சேத்து. டாக்டரு ஆறு வாரம்னுட்டாரு. கோகிலா, "வாயையும் சேத்துக் கட்டச் சொல்லியிருக்கோணும்"னா. புருசன் கை ஒடைஞ்சு கெடக்கறான், பேசற பேச்சப் பாருங்க.

அந்த ஆறு வாரமும் வீணுங்ணா. பயிற்சியே நின்னு போச்சு.

கடைய ஒரு பங்காளி பாத்துக்கிட்டான். கோகிலா காலைல சோறாக்கி வெச்சுட்டுப் போயிருவா. மத்த வேலைய ஆரு பாக்கறது? இடது கை அப்ப மரக்கட்டையாட்டம் இருந்துச்சு. நான் ஸ்டூல்ல உக்காந்துக்குவேன், எந்திரிக்கப்படாதுன்னு கோகிலா உத்தரவு. இவ கீழ உக்காந்து முருங்கைக்கீரை உருவுவா. வெங்காயம் உரிப்பா. பூண்டு உரிப்பா. அந்தக் குழம்பத் தின்னிருக்கோணும் நீங்க. ஒரு வாய்க்கு ரெண்டு காம்பு, ஒரு தோலு. துப்பித் துப்பித் தின்னனுங்க. அப்பிடி இல்ல அம்மிணி, இப்பிடின்னு வாயிலதான் சொல்ல முடியும். அவ திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. கீரைக் காம்ப வெச்சு வேலி கட்டுறா, பூண்டுத் தோல ஊதி உடறா. நேரம் பாட்டுக்கு ஓடுது. நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறேன்.

திங்கறதுதான் பெரும்பாடு. இடது கையில சோறு திங்க மனசு வருங்களா? ஸ்பூன் நமக்குப் பழக்கமில்ல. மொத நாளு சாயந்திரம் தட்டத்த வெச்சுட்டு உக்காந்திருக்கறேன், இவ வந்து முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்தா. கையக் கழுவிட்டு வந்திருந்தா. சோத்துல ரசத்த ஊத்திப் பிசைஞ்சா. பிசையறான்னா, அப்பிடி ஒரு பிசை. உருண்டை உருட்டுனா உதிந்து போகுது. மறுபடி உருட்டறா. மொத வாய் மூக்குல போச்சு. ரெண்டாவது தாடியில. மூணாவதுதான் வாயில வந்துச்சு. "மெல்லு, முழுங்கு, ஆ காட்டு"ன்னு நான் சொல்ற மாதிரியே சொல்றாளுங்க. தெனமும் அவதான் ஊட்டி உட்டா. கடைசியில எல்லாம் உருண்டை கோலிக்குண்டாட்டம் வந்துச்சு. எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்தித் திம்போம்.

அப்பறம் ஒரு நாளு ஸ்கூல் பையத் தூக்குனா காத்தாட்டம் இருக்குது. டப்பா காலி! மிஸ்ஸுதான் தொறந்து கொடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன். ஆரு அம்மிணி தொறந்தான்னு கேட்டேன். "நான்"னா. நீயான்னேன். எங்க, காட்டுன்னு கேட்டு டப்பாவ வாங்கி நான் தொறக்கப் பாத்தா, இடது கைக்கு அசையவே மாட்டேங்குது. அப்பிடி இறுக்கி மூடியிருக்கறா. கடை மேசை மேல வெச்சு அவதான் தொறந்து காட்டுனா. டப், டப், டப், டப். நாலும். கஸ்டமரு ரெண்டு பேரு நின்னு பாத்தாங்க. நான் போட்ட அஸ்திவாரமுங்க அது, பின்ன? நான் காட்டிக் கொடுத்ததெல்லாம் உள்ள எறங்கி, மெதுவா மொளைச்சு வந்திருக்குது. பங்காளிகிட்டயும் அதத்தான் சொன்னேன்.

குதிச்சிருக்கோணுமல்லங்க நான்? ஆனா என்னமோ தெரியல, எல்லாரும் போனப்பறம் அந்தக் காலி டப்பாவ மடியில வெச்சுக்கிட்டு கடையில சும்மா உக்காந்திருந்தேன். இனி சாயந்திரம் வந்ததும் ஊட்டி உடறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு ஒரு நெனப்பு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. டாக்டரு கொடுத்த வலி மாத்திரையோட வேலைன்னு நெனைக்கறனுங்க.

கட்டு மேல கிறுக்கியிருக்கறதப் பாக்கறீங்களா? எல்லாம் அவ பேருதான். ஸ்கெட்ச் பேனாவுல. முழங்கைப் பக்கம் பாருங்க, இதுதான் மொத நாளு எழுதுனது. கோழி கிளறுன மாதிரி இருக்குது. இப்பிடியே எறங்கி வாங்க. இங்க பரவால்ல. இதா, மணிக்கட்டுக்கிட்ட, நேத்து எழுதுனது. வர்ணிகா. ணிக்குச் சுழி எத்தன அழகா வந்திருக்குது பாருங்க! கட்ட வெட்டுனா தூக்கிப் போட்ராதீங்க, எனக்கு வேணும்னு டாக்டருகிட்டக் கேக்கோணும்.

இன்னிக்குத்தானுங்க பிரிக்கறாங்க. கோகிலா வேலை செய்யற லேப்புக்குப் பக்கத்துலதான் டாக்டரு. கணபதி ஸ்டாப்புல வந்து நிக்கறேன்னா. இவளுக்குத்தான் இஷ்டமில்ல. காலைலயிருந்து ஒரே பாட்டு. "அப்பா, கட்டுப் பிரிக்க வேண்டாம்ப்பா"ங்கறா. மிஷின் வெச்சு வெட்டுவாங்களே, அப்பாவுக்கு வலிக்குமேன்னு பயப்படறா. அத்தன பாசம். நான் தைரியம் சொன்னேன். ஒண்ணுமில்ல சாமி, இன்னிக்குப் பிரிச்சாங்கன்னா நாளைலயிருந்து அப்பா மறுபடியும் பயிற்சிய ஆரம்பிச்சர்லாம், முறுக்குச் சுத்தறதெல்லாம் பாக்கியிருக்குதுன்னேன். அதக் கேட்டுட்டுத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அன்னூர் வரைக்கும் பேசல.

ஏனுங்ணா சிரிக்கறீங்க? என்ன கேட்டீங்க? ஆறு வாரமும் நான் என்ன பண்ணுனேனா? அதத்தான சொன்னேன், ஒண்ணும் பண்ணலீங்க. கைதான் கட்டிக் கெடக்குதே. ஸ்டூல்ல உக்காந்து அவ பண்றதப் பாத்துக்கிட்டு இருந்தேன். கூட இருந்தேன், அவ்வளவுதான். வேற ஒண்ணுமே...

ஒண்ணுமே பண்ணலீங்க.

இருங்க. என்ன அம்மிணி? எனக்கா? ஆ. ம்ம். நல்லா வெந்திருக்குது. பாத்தீங்களா, இவ்வளவு நேரம் உரிச்சு மடியில சேத்து வெச்சிருக்கறா. அங்கிளுக்கா? கையை நீட்டுங்ணா, உங்களுக்குத்தான் கொடுக்கறா. வேத்தாளுக்கு இவ கொடுத்து நான் பாத்ததே இல்ல. ஒரு பருப்புக்கூட ஒடையலீங்க. நான் உரிச்சிருந்தாக்கூட ரெண்டு ஒடைஞ்சிருக்கும்.

கணபதி வந்துருச்சாட்ட இருக்குது. அதா கோகிலா நிக்கறா, பச்சைச் சேலை. வா சாமி, எறங்கலாம். ஐய, ஷூ வாரு கழண்டு கெடக்குது. காலக் காட்டு, அப்பா...

நீயேவா?

சரி. நீயே.

சித்த இருங்க கண்டக்டரே, புள்ள ஷூ மாட்டிக்கட்டும். ஆமாங்க, வாரு. துளைக்குள்ள கம்பி போகோணுமல்ல, நேரமாகும். பின்னாடி இருக்கறவங்கள முன்னால எறங்கச் சொல்லுங்க. கோகிலா, வாறோம், இரு! அட, வழுக்கிருச்சு... பரவால்ல கண்ணு, மெதுவா.

ஏனுங்ணா, ஒரே ஒரு உதவி. எம்பட இந்த இடது கையச் சித்தப் புடிச்சுக்குங்க. அது பாட்டுக்குப் போகுது பாருங்க. இன்னும் கொஞ்சம் இறுக்கிப் புடிங்க.